மாமா வட்டி வாங்கினாரா?

எனக்குத் தெரிந்த ஒருவர், வேலையில் எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ ஒரு நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த செய்தி கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு, “காரணம் சொல்லணும்னா ஆயிரம் சொல்லலாம் தம்பி. நான் மேல வரலையா?” என்றார். அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அது போகவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். பணத்தோடு பிறந்தவர்கள் உழைப்பைப் பற்றிப் பேசும்போது காதைத் திருப்பிக்கொள்வது சுலபம். இவர் அப்படியில்லை. அப்பா கூலி வேலை, வீடு நிறையப் பிள்ளைகள், ஒரு சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுப் படித்தவர். அவர் ஏறி வந்த மேட்டைப் பாதி கூட நான் ஏறியதில்லை. அந்த மனிதர் ‘நான் வரலையா’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கைவசம் இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டுமே பழைய சரக்கு. ஒன்று, ‘எல்லாம் சுரண்டல்’. உலகத்தின் ஏழ்மை முழுவதும் யாரோ யாரிடமிருந்தோ பிடுங்கியதால் வந்தது என்பது. இதில் உண்மை நிறைய இருக்கிறது, ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளை விளக்க முடியாது. உலக வங்கியின் இன்றைய அளவுகோலில் 1990-ல் 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் கடும் வறுமையில் இருந்தார்கள்; இப்போது அது 80 கோடிச் சொச்சம். சீனாவில் மட்டும் நாற்பது ஆண்டுகளில், பழைய அளவுகோலில் பார்த்தாலே, ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையைத் தாண்டினார்கள். பிடுங்கியவர்கள் திருந்தியதால் நடந்ததல்ல அது. இன்னொரு பதில் அண்ணனுடையது: உழைத்தால் வரலாம். இதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கொத்தனார் எல்லை தாண்டிப் பணக்கார நாட்டுக்குப் போய் அதே சுவரை, அதே கரண்டியால், அதே நேர்த்தியில் எழுப்பினால் கூலி பல மடங்காகிறது. அவர் மணிக்கட்டில் எந்த மாற்றமும் நிகழவில்லை. உலக அளவில் ஒருவருடைய வருமானம் எவ்வளவு என்பதில் பாதிக்கும் மேலான வேறுபாட்டை, அவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்ற ஒரே தகவலை வைத்துச் சொல்லிவிடலாம் என்று பிராங்கோ மிலனோவிச் என்ற பொருளாதார அறிஞர் கணக்கிட்டிருக்கிறார். பிறக்கும் இடத்தை யாரும் உழைத்து வாங்குவதில்லை.

வறுமைக் கோடு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 2.15 டாலர் என்று இருந்த கோட்டை உலக வங்கி 2025 ஜூனில் 3 டாலராக மாற்றியது. மாற்றிய உடனே, 2022-ல் 71.3 கோடியாக இருந்த ஏழைகளின் எண்ணிக்கை அதே 2022-க்கு 83.8 கோடி ஆனது. பன்னிரண்டரைக் கோடிப் பேர் ஒரு அறிக்கையில் ஏழைகளானார்கள். யாருடைய அடுப்பிலும் அன்று எதுவும் மாறியிருக்காது. விலைவாசியையும் ஏழை நாடுகளின் சொந்த வறுமைக் கோடுகளையும் புதிதாகக் கணக்கிட்டதால் வந்த மாற்றம் அது, அதில் தப்பில்லை. ஆனாலும் எண்ணிக்கையைப் பற்றி ஓயாமல் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புதான் வருகிறது. கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட, கோட்டுக்குக் கீழே இருப்பவர் ஏன் அங்கேயே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு இருந்தது.

ஒரே மாடு, இரண்டு வீடு

இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் அசைத்தது வங்கதேசக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2007-ல் அங்கே மிகவும் ஏழைகளான பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு சொத்தைக் கையில் கொடுத்தது. பெரும்பாலும் பசு மாடு. கடன் கிடையாது, இனாம். கூடவே அதை வளர்ப்பதற்குப் பயிற்சி. லண்டனைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மாட்டின் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், பயிற்சியும் ஒன்றுதான். ஆனால் முடிவு இரண்டாகப் பிரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம் ஏதோ வைத்திருந்தவர்கள், அதாவது மாடு வந்ததும் சொத்தின் மொத்த மதிப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள், அதற்குப் பிறகு தாங்களாகவே மேலே போனார்கள். ஒன்றுமே இல்லாமல் இருந்தவர்கள், மாடு வந்தும் அந்த அளவை எட்டாதவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே சரிந்தார்கள். தொடக்கத்தில் இவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி பெரிதல்ல. யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரையும் ‘பரம ஏழைகள்’ என்று ஒரே பெயரில்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏன் இப்படி? ஒரு மாடும் வேறொன்றும் இல்லாதவரின் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். மாடு கறக்கிறது. பாலை விற்கச் சந்தைக்குப் போக வேண்டும், வண்டி இல்லை. வண்டி வாங்க ஒரு மாட்டுப் பால் போதாது. நடந்து போனால் அரை நாள் போய்விடும், அன்றைய கூலி போய்விடும். ஆகவே வீட்டு வாசலுக்கு வருபவரிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். கொட்டகை இல்லை, மழைக்காலத்தில் மாட்டுக்குக் காய்ச்சல். வைத்தியத்துக்குக் கையில் காசு இல்லை. கடன் வாங்கினால் வட்டி, வாங்காவிட்டால் மாடு போய்விடும். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் விற்கக்கூடிய ஒரே பொருளும் மாடுதான். அவசரத்தில் விற்கிறவருக்கு எந்தச் சந்தையிலாவது நல்ல விலை கிடைத்திருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பழைய தட்டுவண்டியும் கொஞ்சம் கையிருப்பும் இருக்கின்றன. அதே மாடு அங்கே வேறு மாடாகிவிடுகிறது. இருவரில் யார் கெட்டிக்காரர், யார் சோம்பேறி என்ற பேச்சுக்கே இங்கே வேலையில்லை. அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் கணக்கிட்டார்கள். கூலி வேலையிலேயே காலம் தள்ளிய பெண்களில் மிகப் பெரும்பாலோர், முதல் இருந்திருந்தால் மாடு வளர்ப்பிலேயே இறங்கி அதிகம் சம்பாதித்திருப்பார்கள். கூலி வேலைக்கு ஏற்றவர்கள் என்பதால் அவர்கள் அங்கே இல்லை. வேறு எங்கும் போக முடியாததால் இருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு அண்ணனிடம் வேறு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. சண்டைக்காக அல்ல. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “காலேஜ் ஃபீஸ் யாருண்ணே கட்டினாங்க?” என்றேன்.

“மாமா கட்டினார். அம்மா கூடப் பிறந்தவர். முதல் வருஷம் முழுசும் அவர்தான். அப்புறம் நான் பகுதி நேர வேலைக்குப் போனேன்.”

“திருப்பிக் கொடுத்தீங்களா?”

“கொடுக்காம? வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சேன். நடுவுல தங்கச்சி கல்யாணம் வந்துச்சு, நிறுத்திட்டேன். அவரும் கேட்கலை.”

“வட்டி?”

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மாமா எங்கேயாவது வட்டி வாங்குவாராப்பா?”

இந்தக் கட்டுரை உண்மையில் அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கியது. அவரைப் பொறுத்தவரை அது கதையில் ஒரு வரி கூட இல்லை. ‘நான் வரலையா’ என்று சொன்னபோது மாமா அவர் நினைவிலேயே இருந்திருக்க மாட்டார், நன்றி கெட்டவர் என்பதால் அல்ல. காற்றைப் போல அது எப்போதும் அங்கே இருந்ததால். நான் அதைச் சொன்னதும் அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. “மாமா பணம் குடுத்தார், சரி. ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சது மாமாவா?” என்றார். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மாமாவிடம் பணம் வாங்கி வீணாகப் போனவர்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடனின் விதிகளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வட்டி இல்லை. தவணை, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான். நடுவில் ஒரு பெரிய செலவு வந்தபோது தவணை நின்றது, அபராதம் இல்லை. கொடுத்தவருக்குப் பையன் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறை. அதே தொகையை அதே பையன் மாத வட்டிக்கு வாங்கியிருந்தால், தங்கச்சி கல்யாணத்தோடு படிப்பு நின்றிருக்க வாய்ப்பு அதிகம். உழைப்பு அப்போதும் அதே அளவுதான் இருந்திருக்கும். அப்போது அவர் யாரிடமும் ‘நான் வரலையா’ என்று கேட்டிருக்க முடியாது. ‘அவன் வரலையே’ என்று யாரோ அவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1953-ல் ஒரு மாமா, 1825-ல் ஒரு மன்னர்

நாடுகளின் கதையை இந்தக் கண்ணோடு படிக்கத் தொடங்கியபோது, மாமாக்கள் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி எழுந்து நின்றதை உழைப்பின் அதிசயமாகத்தான் சொல்வார்கள். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1953 பிப்ரவரி 27 அன்று லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. போருக்கு முன்னும் பின்னும் ஜெர்மனி வாங்கியிருந்த வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடி. மீதியைக் கட்ட நீண்ட தவணை, குறைந்த வட்டி. ஜெர்மனியால் எவ்வளவு கட்ட முடியும், அதன் ஏற்றுமதி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் தவணையை நிர்ணயித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் தங்கள் பணம் திரும்ப வேண்டுமானால் ஜெர்மனியின் சரக்கை வாங்கியாக வேண்டும் என்ற நிலை அதனால் உருவானது. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மாமா சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உலகத்தையே எரித்த ஒரு நாட்டுக்கு, அது முடிந்து எட்டே ஆண்டுகளில் இந்தச் சலுகை கிடைத்தது. கொடுத்தவர்கள் புண்ணியவான்கள் என்பதால் அல்ல. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்ததன் பலனை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பக்கத்தில் சோவியத் யூனியனும் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு தகவல். அந்த ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தோர் தரப்பில் கையெழுத்திட்ட நாடுகளில் சிலோனும் ஒன்று. அதே இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி. அடிமைகளாக இருந்தவர்கள் போராடி, நெப்போலியனின் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று நாடாக எழுந்தார்கள். அதற்கு முன் அந்த நிலம் பிரான்சின் மிகப் பணக்காரக் குடியேற்றம். ஐரோப்பாவுக்குப் போன காபியில் பாதிக்கும் மேல் அங்கே விளைந்தது. விடுதலை பெற்ற நாட்டைப் பிரான்ஸ் அங்கீகரிக்கவில்லை, அமெரிக்காவும் 1862 வரை அங்கீகரிக்கவில்லை. 1825-ல் மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணையை அனுப்பினார், கூடவே 14 போர்க் கப்பல்களையும். ஆணையின் சாரம் இதுதான்: உங்களை அங்கீகரிக்கிறோம், அதற்கு விலை 15 கோடி பிராங்க், ஐந்து தவணை. பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் இழந்த ‘சொத்துக்கு’ ஈடாக இந்தப் பணம். அந்தச் சொத்தில் நிலம் மட்டுமல்ல, மனிதர்களும் சேர்த்தி. அதாவது, தன்னைத்தானே விடுவித்துக்கொண்டவர் தன் விலையைத் தன் பழைய முதலாளிக்கே கட்ட வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்க வரி பாதிதான் என்றும் அதில் எழுதியிருந்தது. துறைமுகத்தில் பீரங்கிகள். அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார்.

முதல் தவணை 3 கோடி பிராங்க். அன்றைய ஹைட்டி அரசின் ஓராண்டு வருமானத்தைப் போல ஆறு மடங்கு என்று சொல்லப்படும் தொகை. எப்படிக் கட்டுவது? பாரிஸ் வங்கியாளர்களிடம் கடன் வாங்க வேண்டும். அதுவும் பிரான்சின் ஏற்பாடுதான். 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்து, கையில் வந்தது 2.4 கோடி. மீதி 60 லட்சத்தை வங்கியாளர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள்; ஆனால் திருப்பிக் கட்ட வேண்டியது 3 கோடி, வட்டியோடு. வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பவர்களைத் தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டாம். அபராதத்தைக் கட்டக் கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். வரலாற்றாசிரியர்கள் இதை ‘இரட்டைக் கடன்’ என்றே குறிப்பிடுகிறார்கள். 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். காபி விற்ற பணத்தின் மீது போட்ட வரி கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே நாட்டையும் பிடித்துக்கொண்டார்கள், 1934 வரை. அந்தத் தொடர்கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-ல். ஒரு நாட்டின் முதல் நூற்றாண்டு முழுவதும், பள்ளிக்கூடமோ சாலையோ சாக்கடையோ ஆகியிருக்க வேண்டிய காசு அது. பிரிட்டனும் 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்குக் காசு கிடையாது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதியைப் பிரிட்டிஷ் அரசு அடைத்தது 2015-ல்.

ஹைட்டி இன்று ஏன் ஏழை என்று கேட்டால் ஊழல், வன்முறை, புயல், நிலநடுக்கம் என்று பட்டியல் வருகிறது. பட்டியலில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் தாங்குவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரே மாடு வைத்திருப்பவரின் மாட்டுக்குத்தான் காய்ச்சல் வந்தது.

பழங்கதை என்று தள்ள முடியாதது

இதெல்லாம் மன்னர் காலத்துச் சமாச்சாரம் என்று தோன்றலாம். ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜாம்பியாவைப் பாருங்கள். 1979-ல் ருமேனியாவிடமிருந்து விவசாய இயந்திரங்கள் வாங்க ஜாம்பியா கடன் பட்டது. கட்ட முடியவில்லை. 1999-ல் அந்தக் கடன் பத்திரத்தை டோனகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் ருமேனியாவிடமிருந்து சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு வட்டியும் அபராதமும் சேர்த்து ஜாம்பியா 5.5 கோடி டாலர் தர வேண்டும் என்று லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2007-ல் நீதிபதி அந்த நிறுவனத்தின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார், ஆனாலும் சட்டப்படி சுமார் 1.5 கோடி டாலர் கிடைக்கச் செய்தார். 33 லட்சம் போட்டு 1.5 கோடி. அப்போதுதான் மற்ற நாடுகள் ஜாம்பியாவின் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்து முடித்திருந்தன. தள்ளுபடியால் கொஞ்சம் மூச்சு வந்த நாட்டிடம், வந்த மூச்சைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்ற கதை இது. சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

வட்டி விகிதத்துக்கு வருவோம். ஆப்பிரிக்க நாடுகள் சராசரியாக அமெரிக்காவைப் போல நான்கு மடங்கு, ஜெர்மனியைப் போல எட்டு மடங்கு வட்டிக்குக் கடன் வாங்குகின்றன என்று ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2023-ல் சொன்னது. கல்வி அல்லது மருத்துவத்துக்குச் செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் இன்று 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள். கடன் கொடுப்பவரின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏழை நாட்டுக்குக் கொடுத்தால் திரும்ப வராமல் போகும் ஆபத்து அதிகம், ஆபத்துக்கு விலை உண்டு. சரி. ஆனால் வட்டி ஏற ஏறக் கட்ட முடியாமல் போகும் ஆபத்தும் ஏறுகிறது. ஆபத்து ஏறியதால் வட்டி இன்னும் ஏறுகிறது. தனி மனிதர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சம்பளம் வரும்வரை சமாளிக்க இரண்டு வாரத்துக்கு வாங்கும் சிறுகடனுக்கு, 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம் என்பது சாதாரணம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 400 சதவீத வட்டி. அதே நாட்டில் பெரும் செல்வர்கள் பங்குகளை விற்காமல் அவற்றை அடகு வைத்து மிகக் குறைந்த வட்டியில் வாங்கிச் செலவழிக்கிறார்கள். விற்றால் வரி, அடகு வைத்தால் வரியில்லை. ஒருவருக்குக் கடன் புதைகுழி, இன்னொருவருக்கு அது வரித் திட்டம். உலகின் மொத்தச் செல்வத்தில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம் 76 சதவீதமும், கீழ்ப் பாதியினர் எல்லோரிடமும் சேர்த்து 2 சதவீதமும் இருப்பதாக 2022-ன் உலகச் சமத்துவமின்மை அறிக்கை சொல்கிறது. இந்த அளவு இடைவெளியைத் திருட்டால் மட்டும் உண்டாக்க முடியாது. வட்டியால் முடியும்.

உதவி கூட இருப்பவரை நோக்கித்தான் ஓடுகிறது. கொரோனா நேரத்தில், 2021 ஆகஸ்டில், நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) 65,000 கோடி டாலர் மதிப்புள்ள புதிய கையிருப்பை உருவாக்கி உறுப்பு நாடுகளுக்குப் பகிர்ந்தது. நிதியத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில். அதனால் ஆப்பிரிக்காவின் ஐம்பத்துச் சொச்சம் நாடுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 3,300 கோடி. தேவையே இல்லாத நாடுகளுக்குத்தான் பெரும்பகுதி போனது. இதில் சதி எதுவும் இல்லை, விதிப்படி நடந்தது.

இங்கே அண்ணன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும், வர வேண்டும். கடனை வாங்கித் தின்றது யார்? ஜயரில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், மொபுட்டு 1965 முதல் 1997 வரை ஆண்டார். நாட்டின் பணம் எங்கெங்கோ மாளிகைகளாகவும் வங்கிக் கணக்குகளாகவும் மாறியது. ஆள்பவர்கள் கொள்ளையடித்ததை மறைத்துவிட்டு வறுமையைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. ஆனால் அந்தக் கதையிலும் ஒரு பின்கட்டு இருக்கிறது. பன்னாட்டு நிதியம் ஜயரின் மத்திய வங்கிக்கு அனுப்பிய எர்வின் புளூமெந்தால் என்ற ஜெர்மானியர், இங்கே கடன் கொடுத்தால் திரும்ப வர வாய்ப்பே இல்லை என்று 1982-ல் அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகும் கடன் போய்க்கொண்டே இருந்தது. பனிப்போரில் மொபுட்டு வேண்டியவராக இருந்தார். தின்றவர் ஒருவர், தெரிந்தே பரிமாறியவர் வேறு ஒருவர், பாக்கியைச் சுமப்பது இரண்டிலும் சேராத மக்கள். மறுபக்கம் போட்ஸ்வானா இருக்கிறது. வைரம் கிடைத்ததும் சுரங்க நிறுவனத்தோடு போட்ட முதல் பேரத்திலேயே திருப்தியடையாமல், மறுபடி உட்கார்ந்து பேசிப் பாதிப் பங்கு என்ற இடத்துக்கு வந்தார்கள். ஆட்சி ஒழுங்காக இருந்தால் கைக்கு வந்த சொத்து நிற்கும் என்பதற்கு அது சாட்சி. அதே போட்ஸ்வானா உள்நாட்டுக்குள்ளே உலகின் மிக ஏற்றத்தாழ்வான நாடுகளில் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாட்டுக்குக் கிடைத்த மாமா எல்லா வீட்டுக்கும் கிடைப்பதில்லை.

ஆக, வறுமைக்கு ஒரே காரணம் வட்டி என்று நான் சொல்லவில்லை. நிலம், சாதி, நிறம், போர், நோய், கல்வி எல்லாம் இருக்கின்றன. நான் சொல்ல வருவது இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரு இயந்திரத்தைப் பற்றி. ஒரு மட்டத்துக்குக் கீழே இருப்பவருக்கு எல்லாமே அதிக விலை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியாக ஆறு சதவீதத்துக்கு மேல் கட்டணம். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு அனுப்புவதென்றால் இன்னும் அதிகம். அந்தக் கூடுதல் விலை எங்கோ மாயமாக மறைந்துவிடுவதில்லை, அது ஒருவருடைய வருமானம். ‘இவர்கள் ஏன் ஏழைகள்’ என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும், ‘ஏழையாக இருப்பதற்காக இவர்கள் கட்டும் பணம் யாருக்குப் போகிறது’ என்ற கேள்வி கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

மாமாவை நம்பி உலகத்தை நடத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அண்ணன் தெருவிலேயே மாமா இல்லாத பையன்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதனால்தான் எனக்கு இரக்கத்தைவிடச் சட்டத்தின் மீது ஆர்வம். ஒரு நிறுவனம் நொடித்துப்போனால் அதற்குத் திவால் சட்டம் இருக்கிறது: கடன் கொடுத்தவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இருப்பதைப் பிரித்து, மீதியைத் தள்ளி, மறுபடி தொடங்கவிடுவார்கள். நாடுகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. பன்னாட்டு நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆன் குருகர் 2001 நவம்பரில் அதற்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். 2003-ல் அமெரிக்காவின் ஆதரவு இல்லாமல் அது படுத்துவிட்டது. நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. 2020 நவம்பரில் மறுபடி நொடித்த ஜாம்பியாவுக்கு, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்களோடு உடன்பாடு முடிய 2024 ஆனது. அத்தனை காலமும் பழைய கடன் தீராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

டோனகல் வழக்குக்குப் பிறகு பிரிட்டன் 2010-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தள்ளுபடித் திட்டத்தில் இருந்த நாடுகளின் பழைய கடனை யாராவது வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஏற்ற அளவுக்கு மேல் கேட்டு அங்கே வழக்காட முடியாது. சிறிய சட்டம், பழைய கடன்களுக்கு மட்டும். இன்று வளரும் நாடுகள் வெளிநாட்டில் விற்கும் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துச் சட்டத்தின் கீழோ நியூயார்க் சட்டத்தின் கீழோதான் எழுதப்படுகின்றன. வேறு நாடாளுமன்றங்கள் தீர்மானம் போட்டாலும் பெரிய பயனில்லை. லண்டனும் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியும் மனது வைத்தால் விதி மாறும். இதே போன்ற மசோதாக்கள் ஆல்பனியில் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து, நிறைவேறாமல் போய்க்கொண்டிருக்கின்றன.